பரண் இரவும் காலை இரத்தமும்

இலங்கையின் வில்கமுவவில் கதிர் முற்றும் நாட்களில் ஆண்பிள்ளைகள் பலர் வீட்டில் படுப்பதில்லை. பக்கத்திலேயே வஸ்கமுவ காடு. இருட்டியதும் யானை வரும். வரம்போரக் குடிலிலோ மரத்துப் பரணிலோ குந்தியிருந்து, யானை வெடி கொளுத்தி, விடியும்வரை விழித்திருப்பார்கள். அப்படி ஓர் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு உடம்பில் தெம்பில்லை, ஆசையும் விட்டுப்போச்சு என்றால் யாரிடம் சொல்வான்? வெட்கம் வாயைக் கட்டிவிடுகிறது. காதில் விழுகிற முதல் காரணத்தையே நம்பிவிடுகிறான்.

அந்த முதல் காரணம் பெரும்பாலும் 'விந்து நட்டம்'. கைப்பழக்கத்திலும் கனவிலும் போய்ப் போய் ஆண்மை வற்றிவிட்டதாம். நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்து என்ற கணக்கும் கூடவே வரும். உடம்பில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை விதையிலுள்ள லெய்டிக் செல்கள் சுரந்து நேரே இரத்தத்தில் விடுகின்றன. விந்து நீரின் பெரும்பகுதியோ விந்துப்பையிலும் புரோஸ்டேட்டிலும் ஊறுவது. ஒன்று வெளியேறுவதால் மற்றது தீர்ந்துபோகாது. இந்த முறைப்பாட்டோடு வந்த இலங்கை ஆண்களைப் பற்றி டி சில்வாவும் திசாநாயக்கவும் 1989இலேயே ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அந்தத் தளர்ச்சி நிஜம்தான். ஆனால் அதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது பயமும் மனப்பதற்றமும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு.

சோயா மீற் மேல் விழும் பழியும் வீண். இறைச்சி வாங்க முடியாத வீடுகளில் அதுதான் புரதம். அதில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற தாவரப் பொருள் இருப்பது உண்மை. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2010, 2021ஆம் ஆண்டுப் பகுப்பாய்வுகள் இரண்டிலும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை.

இன்னொரு பொய் கடையையே உடைத்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கூட்டம் திரண்டு தாக்கியது; பள்ளிவாசலும் தப்பவில்லை. அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துப் பார்த்தபோது, மாத்திரை என்றது வெறும் மாவுக்கட்டி. சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஓர் ஆணை நிரந்தர மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்கும் இல்லை.

தேட வேண்டிய இடங்கள் வேறு. முதலில் தூக்கம். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை 8 இரவுகள், இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். 2011இல் முடிவு வெளியானது: பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியிருந்தது. ஒரு வாரத்துக்கே இவ்வளவு என்றால், பரணில் கழியும் ஒரு போகத்தை நினைத்துப் பாருங்கள். இரத்தச் சோதனையும் இங்கேதான் சறுக்குகிறது. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்திலும் பின்னேரத்தில் தாழ்ந்தும் இருக்கும். அதனால் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் இரத்தம் எடுக்க வேண்டும். இரவெல்லாம் கண் விழித்தவனுக்குப் பின்னேரம் எடுத்த ஒற்றைச் சோதனையை வைத்துக் குறைபாடு என்று முத்திரை குத்துவது அநியாயம்.

வில்கமுவவில் சிறுநீரகத்தையும் பார்த்தே ஆகவேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட, மூல காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக வருத்தம் இந்தப் பக்கத்திலும் உண்டு. வயல் வேலை செய்யும் ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. சிறுநீரகம் பழுதாகும்போது பலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் இறங்கும். சிறுநீரகச் சோதனையான கிரியேட்டினின் பார்க்காமல் ஆண்மை லேகியம் வாங்கித் தின்பவன் கையிலிருக்கும் காலத்தை இழக்கிறான். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

கூகைக்கட்டு வந்ததா என்றும் கேட்க வேண்டும். பருவமடைந்த பின் அது வந்தால் சிலருக்கு விதை வீங்கிப் பழுதாகும். இலங்கையின் தடுப்பூசி அட்டவணையில் அதைத் தடுக்கும் எம்எம்ஆர் சேர்ந்தது 2011இல்தான்; அதற்கு முன் பிறந்து வளர்ந்தவர்கள்தான் இன்றைய இளைஞர்கள். தொந்தி, நீரிழிவு, கசிப்பு, நாட்பட்ட வலிமாத்திரை, உடற்கட்டுக்கு ஏற்றிய ஸ்டீராய்டு எல்லாம் அடுத்த கேள்விகள். ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவர் கூடுதலான ஓர் எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கிறார். பலர் அதை அறியாமலே வாழ்கிறார்கள்.

கடைசியாக, 'ஊசி போட்டால் ஆண்மை வரும், பிள்ளையும் வரும்' என்ற நம்பிக்கை. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 1990இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே போட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு விந்தணு முற்றாக நின்றுபோனது. நிறுத்தினாலும் திரும்பிவர மாதக்கணக்காகும். பிள்ளை வேண்டுமென்பவர் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகவே சொல்ல வேண்டும். கோளாறு விதையிலா மூளையடிப் பிட்யூட்டரியிலா என்பதை, பிட்யூட்டரி விதையைத் தூண்ட அனுப்பும் எல்எச் என்ற ஹார்மோனின் அளவு காட்டும். பிட்யூட்டரியில் என்றால், விதையையே மறுபடி வேலை செய்யவைக்கும் வேறு ஊசிகள் இருக்கின்றன. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் ஏறியதும் எல்எச் விழுந்துவிடும். பிறகு அந்தத் தடயத்தைத் தேடி எடுப்பது கடினம்.