சோர்வும் கலக்கமும்

புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குடுமியான்மலை. ஆங்குக் கோயில்கொண்ட சிகாநாதருக்கு அப்பெயர் வாய்த்த கதையை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். இறைவனுக்குரிய மாலையை அருச்சகர் ஒருவர் தாம் காதலித்த பெண்ணுக்குச் சூட்டிவிட்டார். அவ்வேளையில் அரசன் எதிர்பாராது தரிசனத்திற்கு வந்தான். அருச்சகர் நடுங்கி, அம்மாலையையே திரும்ப வாங்கிப் பிரசாதமாக அளிக்க, அதில் நீண்ட மயிரொன்று கிடந்தது. இஃது எங்ஙனம் வந்தது என்று வினவிய அரசனுக்கு, சுவாமிக்குக் குடுமி உண்டு என்று விடை கூறினார். காட்டுக என்றான் அரசன். அடியவனைக் காக்கத் திருவுளங்கொண்டு இலிங்கத்தின் முடியில் குடுமி தோன்றிற்று என்பது தலவரலாறு.

இக்கதையின் சமயப் பொருளை ஆராய்தல் எமது நோக்கமன்று. அரசன் வினவியதற்கும் குடுமி தோன்றியதற்கும் இடைப்பட்ட சிறு பொழுதில் அவ்வருச்சகர் உள்ளம் பட்ட பாடு எத்தகையது என்பதே எமது வினா. அது துன்பம் என்பதில் ஐயமில்லை, ஆனால் சோகமன்று. நெஞ்சு படபடத்திருக்கும், நா விரைந்து பொய்யைத் தேடியது. அரசன் வாராதிருந்தான் என்று கொள்வோம். அன்றிரவு அவர் தனித்திருந்து, தாம் இளமையில் எத்தகைய அருச்சகராக விளங்க விரும்பினார், இன்று எவ்வாறாயினார் என்று எண்ணியிருப்பின், அப்போதும் விளைவது துன்பமே. எனினும் அது வேறு துன்பம். அங்கே படபடப்பு இராது. உடல் தளரும், பேச்சுக் குறையும், உணவு சுவைக்காது.

இவ்விரண்டையும் வேறாகக் காண்டல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது அழுகையையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்தார். பிறரால் இழிக்கப்படுதல், உடையதை இழத்தல், முன்னைய நிலையினின்று தாழ்தல், வறுமை ஆகிய நான்கும் அழுகைக்கு நிலைக்களங்கள் என்றார். அச்சத்திற்கு அவர் கூறியவை தெய்வம், விலங்கு, கள்வர், தமக்கு இறைவராயினார் என்பன. முன்னைய நான்கிலும் ஒன்று இல்லாமற் போகின்றது. பின்னைய நான்கிலும் ஒன்று நம்மேல் வரக் காத்திருக்கின்றது. இக்கருத்தை மனத்திற்கொண்டால் இனிக் கூறப்புகும் ஆராய்ச்சி எளிதில் விளங்கும்.

அமெரிக்க உளநூற் புலவராகிய டோரி ஹிக்கின்ஸ் என்பார் 1987-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டார். மனிதன் தன்னைப்பற்றி மூன்று படங்களை உள்ளத்தில் வைத்திருக்கிறான் என்பது அவர் துணிபு. தான் இப்போது இருக்கும் நிலை ஒன்று. தான் ஆக விழையும் நிலை மற்றொன்று. தான் இருந்தே ஆகவேண்டிய கடமைநிலை மூன்றாவது. விழைவும் கடமையும் தானே வகுத்துக் கொண்டனவாகவும் இருக்கலாம். தாயோ தந்தையோ ஆசிரியரோ வகுத்தனவாகவும் இருக்கலாம். உள்ள நிலைக்கும் விழைந்த நிலைக்கும் இடைவெளி மிகுமாயின் சோர்வு பிறக்கும். உள்ள நிலைக்கும் கடமைநிலைக்கும் இடைவெளி மிகுமாயின் கலக்கம் பிறக்கும்.

கொள்கை கூறுதல் எளிது, காட்டுதல் அரிது. இதனைக் காட்ட அவரோடு உழைத்தவர் திமொத்தி ஸ்ட்ரௌமன். இவர் மருத்துவ உளநூலார். பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கியவர். அவ்விருவரும் அதே 1987-இல் வெளியிட்ட சோதனை மிக நுட்பமானது. தம்மைக் குறித்த பண்புகளையும், விழையும் பண்புகளையும், கடமையாகக் கருதும் பண்புகளையும் மாணாக்கர் சிலர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தனர். பின்னொரு நாள் வேறொரு சோதனை என்று சொல்லி, பிறரைப் பற்றிய வாக்கியங்களை நிறைவு செய்யுமாறு அவர்களைக் கேட்டனர். அவ்வாக்கியங்களில் அவரவர் குறைபாட்டைத் தொடும் பண்புச் சொற்கள், அவரறியாமலே வைக்கப்பட்டிருந்தன. விழைவைத் தொட்ட சொற்கள் வந்தபோது மனம் வாடிற்று. பேச்சு நேரம் குறைந்தது. தோலின் மின்கடத்தலும் தாழ்ந்தது. கடமையைத் தொட்ட சொற்கள் வந்தபோதோ மனம் கலங்கிற்று. பேச்சும் மின்கடத்தலும் மிகுந்தன. பேசியது பிறரைப் பற்றியே என்பதை நோக்குக. தம் குறையைத் தாம் நினைக்கின்றோம் என்று அறியாதவரிடத்தும் அக்குறை தன் வேலையைச் செய்தது. காரணமின்றி இன்று மனம் சரியில்லை என்று நாம் கூறும் நாட்கள் பலவற்றிற்கு இஃது ஒரு காரணம் ஆகலாம்.

1989-இல் ஸ்ட்ரௌமன் நோயுற்றோரையே ஆராய்ந்து, மனச்சோர்வு நோயுடையாரிடம் விழைவின் இடைவெளியும், பலர்முன் செல்ல அஞ்சும் நோயுடையாரிடம் கடமையின் இடைவெளியும் மிக்கிருத்தலைக் கண்டார். பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் இப்பகுப்பு இத்துணைத் தெளிவாய் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சோர்வும் கலக்கமும் ஒருவரிடத்தே கலந்து நிற்றல் பெரும்பான்மை. ஆயினும் வழிகாட்டியாகக் கொள்ள இக்கொள்கை பயனுடையதென்றே எமக்குத் தோன்றுகின்றது.

குறிக்கோளோடு தன் நிலையை ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு கண்டவிடத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஓயாத செயலையே உளநூலார் தன்னை நெறிப்படுத்தல் என்பர். இதற்கு உவமை தேடிக் குடுமியான்மலையை விட்டு நீங்கவேண்டியதில்லை. ஆங்குள்ள குடைவரைக் கோயிலின் அருகே, பாறையில் 7-ஆம் நூற்றாண்டு எழுத்தில் வெட்டப்பட்ட இசைக் கல்வெட்டு உலகறிந்தது. ஏழு கிராமராகங்களுக்குரிய சுரவரிசைகள் அதில் உள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கரான ஓர் அரசர் மாணாக்கர் நலங்கருதி அவற்றை இயற்றினார் என்பது அதன் முடிவில் காணும் செய்தி. அவ்வரசர் மகேந்திரவர்ம பல்லவரே என்பாரும் மறுப்பாரும் உளர், அவ்வழக்கு நிற்க. வீணை பயில்வோன் நரம்பின் ஒலியைக் கேட்கிறான், வேண்டிய சுருதியை நினைக்கிறான், முறுக்காணியைத் திருப்புகிறான், மீண்டும் கேட்கிறான். மனச்சோர்வுற்றவனுக்குச் செவி பழுதுபடவில்லை. வேறுபாட்டை இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் கைதான் ஆணியை விட்டுவிட்டது. சிலர் திறத்தில் பழுது வேறிடத்தே உள்ளது: நரம்பு தாங்காத சுருதியை வைத்துக்கொண்டு அதனை அறுபடும்வரை முறுக்குகின்றனர்.

இக்கருத்தின்மேல் ஸ்ட்ரௌமனும் அவர் துணைவரும் ஒரு பேச்சுச் சிகிச்சை முறையை வகுத்தனர். தன் குறிக்கோள்கள் யாவை, அவை யார் தந்தவை, எவை கைக்கொள்ளத் தக்கவை, எவை விடவோ மாற்றவோ தக்கவை என்பவற்றை நோயாளி மருத்துவரோடு இருந்து ஆராய்வதும், நன்மையை நோக்கிச் சிறு சிறு அடிகள் வைப்பதும் அதன் உள்ளீடு. 2006-இல் வெளியான ஒப்பாய்வில், எண்ணங்களைத் திருத்தும் பழைய முறைக்கும் இதற்கும் பொதுவில் பயன் வேறுபடவில்லை. ஆனால் இளமையில் நன்மையை நாடிச் செல்லும் பழக்கம் ஊட்டப்பெறாதவர்க்கு இம்முறையே மிகுந்த பயன் தந்தது.

இவ்விடத்தில் நம் இல்லங்களை நினையாதிருக்க இயலவில்லை. 82 மதிப்பெண் பெற்று வரும் சிறுவனிடம் எஞ்சிய 18 எங்கே என்று கேட்பது நம் வழக்கம். தவறியபோது ஏச்சு உண்டு. சிறந்தபோது மௌனமே கிடைக்கும். இவ்வாறு வளர்ந்தவன் பிழையைக் காத்துக்கொள்ளக் கற்கிறான். நன்மையைத் தேடிச்செல்லக் கற்பதில்லை. அன்னவன் கல்லூரி விடுதிக்கு வந்து, முதல் தேர்விலேயே தவறி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கும்போது, சோம்பேறி என்று பெயரிடுகின்றோம். கடிந்துரைப்போர் அவனுள் ஏற்கெனவே ஒலிக்கும் குரலுக்கே துணைபோகின்றனர். இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி மனம் வாடியிருத்தல், முன்பு இன்பந்தந்தவற்றில் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், தான் பயனற்றவன் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவை தொடருமாயின் அதனை நோயென்றே கொண்டு உதவி தேடவேண்டும். சாவின் நினைவு வந்தவிடத்தோ இரண்டு வாரம் காத்திருத்தலும் தகாது.

உதவிக்குப் பேரறிஞரே வேண்டும் என்பதில்லை. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுடைய 495 பேரைக்கொண்டு நிகழ்ந்த ஆய்வு 2017-இல் அச்சாயிற்று. மருத்துவப் பட்டமில்லாத உள்ளூரார் பயிற்சி பெற்று, 6 முதல் 8 முறை சந்தித்து, விட்ட செயல்களை மெல்ல மீண்டும் தொடங்கச் செய்தனர். மூன்று திங்களில் இவ்வுதவி பெற்றோருள் நூற்றுக்கு 64 பேர் நோய் தணிந்தனர்; வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோருள் 39 பேரே தணிந்தனர். ஆணியின்மேல் கையை மீண்டும் வைத்தலன்றி இது வேறென்ன?

புதுக்கோட்டைச் சீமைக்கும் இதில் பங்கு உண்டு. டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கிசோபிரினியா ஆராய்ச்சி நிறுவனம், 2010-இல் இம்மாவட்டத்துச் சிற்றூர்களுக்கென ஒரு பேருந்தை அனுப்பிற்று. அதனுள் ஆலோசனை அறையும் மருந்தகமும் அமைந்திருந்தன. சென்னையிலிருந்த மனநல மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியோடு உரையாடுவார். மருந்து பேருந்திலேயே வழங்கப்படும். மனநோய் பற்றிய படங்களும் ஊரார்க்குக் காட்டப்பட்டன. 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் என்னும் அரசு உதவி 14416 என்ற தொலைபேசி எண்ணில் ஏற்பட்டுள்ளது. கட்டணமில்லை; இரவும் பகலும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.