முழங்காலுக்குக் காது கிடையாது

பேஸ் கிடார் பழகத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் ஆம்ப் வாங்குவது பற்றிக் கேட்டவற்றுக்கு, மெல்லிசைக் குழுக்களில் முப்பது ஆண்டுகளாகப் பேஸ் வாசிப்பவரும் சென்னையில் வகுப்பு எடுப்பவருமான நம் வாத்தியார் பதில் சொல்கிறார்.

அண்ணனுடைய 10 வாட்ஸ் கிடார் ஆம்ப் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதிலேயே பேஸ் பழகலாமா? ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்று நண்பன் பயமுறுத்துகிறான்.
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பழகலாம். சத்தத்தை அடக்கி வாசிக்கும்வரை ஒன்றும் ஆகாது. நண்பன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கிடாரின் தடித்த ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸின் தடித்த ஸ்ட்ரிங் அதில் சரிபாதி, 41. சுரம் தாழத் தாழ ஸ்பீக்கரின் காகிதம் முன்னும் பின்னும் அதிக தூரம் போய்வர வேண்டும். கிடார் ஸ்பீக்கர் அந்த ஓட்டத்துக்குச் செய்யப்பட்டதல்ல. வால்யூமை ஏற்றினால் 'பட்பட்' என்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் வந்த நொடியே குறைத்துவிடுங்கள். என் பத்தொன்பது வயதில் அதைக் கண்டுகொள்ளாமல் வாசித்து நண்பன் ஒருவனின் ஆம்பை நாசமாக்கினேன். புது வாய்ஸ் காயில் போட ரிச்சி தெருவுக்கு இரண்டு பேரும் நடையாய் நடந்தோம். அவன் இன்றும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிக்காட்டுகிறான்.

பேஸ் ஆம்பில் கிடார் வாசிப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. ஃபெண்டர் கம்பெனி 1952-இல் பேஸுக்கென்றே கொண்டுவந்த 'பேஸ்மேன்' ஆம்பை நாளடைவில் கிடார்காரர்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். 1962-இல் லண்டனில் மார்ஷல் செய்த முதல் ஆம்புக்கும் அதுவே மாதிரி. நம் பொருளை அவர்கள் எடுத்துக்கொள்வது புதிதல்ல. அண்ணனிடமிருந்து நீங்கள் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோம் தியேட்டரின் சப்ஊஃபரில் பேஸைச் செருகினால் என்ன?
— வாசகர், சேலம்

படம் பாருங்கள்.

முதல் ஆம்ப் வாங்கப் போகிறேன். வீட்டில் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் டிரம்ஸ், கீபோர்டோடும் வாசிக்க வேண்டும். 25 வாட்ஸ் போதுமா, 50 வாட்ஸ் வாங்கினால் இரண்டு மடங்கு சத்தம் வருமா?
— பாடகர் குழு உறுப்பினர், தூத்துக்குடி

வராது. வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். கூர்ந்து கேட்டால் 'கொஞ்சம் ஏறியிருக்கிறது' என்று சொல்லும் அளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 25-க்கும் 30-க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஸ்பீக்கரின் அங்குலத்தைப் பாருங்கள், பெட்டியின் பருமனைப் பாருங்கள். எண்ணைக் கடைசியாகப் பாருங்கள்.

வீட்டுக்கு மட்டும் என்றால் 8 அங்குல ஸ்பீக்கர் வைத்த 20, 25 வாட்ஸ் ஆம்ப் தாராளம். ஃபெண்டர் ரம்பிள் 25, ஆம்பெக் பி.ஏ.-108, ஆரஞ்ச் க்ரஷ் பேஸ் 25 மூன்றுமே என் மாணவர்கள் வீடுகளில் இருக்கின்றன. மூன்றிலும் ஹெட்ஃபோன் துளை உண்டு. ஆரஞ்சில் ட்யூனர் உள்ளேயே இருக்கிறது. ஆம்பெக்கின் பெட்டியைச் சாய்த்துவைத்தால் ஸ்பீக்கர் முகத்தைப் பார்க்கும். இந்தச் சாய்வை அற்பமாக நினைக்காதீர்கள். ஆம்பைத் தரையில் வைத்துவிட்டு எதிரே நின்று 'தெளிவில்லை' என்று புலம்புகிறார்கள். முழங்காலுக்குக் காது கிடையாது. நாற்காலி மேல் தூக்கிவையுங்கள்.

உங்களுக்கு டிரம்ஸும் இருப்பதால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. டிரம்ஸோடு நேருக்கு நேர் மோத 100 வாட்ஸாவது வேண்டும். பணமும் அதற்கேற்ப வேண்டும். ஆனால் உங்கள் ஆலயத்தில் மிக்ஸரும் பெரிய ஸ்பீக்கர்களும் கட்டாயம் இருக்கும். மக்களுக்குக் கேட்கவைப்பது அவற்றின் வேலை. உங்கள் ஆம்ப் உங்களுக்கு மட்டும் கேட்டால் போதும். அதனால் பின்பக்கம் மூன்று முள் 'லைன் அவுட்' உள்ள ஆம்பாகப் பார்த்து வாங்கி, அங்கிருந்து மிக்ஸருக்கு ஒரு வயர் இழுத்துவிடுங்கள். ரம்பிள் வரிசையில் 40 வாட்ஸ் மாடலில் இந்த லைன் அவுட் உண்டு, 25-இல் கிடையாது. அந்த வித்தியாசத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். கூடும் 15 வாட்ஸுக்காக அல்ல.

என்னிடம் 5,000 ரூபாய்தான் இருக்கிறது. அப்பாவிடம் மேலே கேட்க முடியாது.
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

கேட்க வேண்டாம், கண்ணு. இந்தப் பணத்துக்கு உருப்படியான புது பேஸ் ஆம்ப் தேடி அலையாதே. பேஸிலேயே நேராகச் செருகும் தீப்பெட்டி அளவு ஹெட்ஃபோன் ஆம்புகள் வருகின்றன; வாக்ஸ் ஆம்ப்ளக் அப்படி ஒன்று. பேஸுக்கென்று தனி மாடல் இருக்கிறது, கிடார் மாடலை மாற்றிக் கட்டிவிடப் போகிறார்கள், பார்த்து வாங்கு. வயர் வைத்த நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள். இரண்டு வருஷத்துக்கு இது போதும். ஆம்ப் இல்லாததால் பேஸ் வராமல் போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் வாசித்துப் பழகலாமா?
— வாசகர், திருப்பூர்

கூடாது. விரல் பட்ட பிறகு, நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதித்துத்தான் சத்தம் காதுக்கு வரும். தாளம் கெட இதைவிட நல்ல வழி இல்லை. ஆம்பில் உள்ள ப்ளூடூத் வழியாகப் பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசிப்பது வேறு விஷயம், அது பரவாயில்லை.

ஆம்பில் 'ஊம்' என்று இரைச்சல். பிளக்கின் எர்த் பின்னை உடைத்ததும் போய்விட்டது. மற்றவர்களுக்கும் இந்த யோசனையைச் சொல்லலாமே?
— வாசகர், கரூர்

நான் சொல்ல மாட்டேன். நீங்களும் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். இன்றைக்கே புது பிளக் மாட்டுங்கள். ஆம்புக்குள் ஏதாவது வயர் பெட்டியைத் தொட்டால், அந்தக் கரண்ட் பூமிக்குப் போக உங்கள் பேஸ் ஸ்ட்ரிங்கும் உடம்பும்தான் வழி. ஸ்ட்ரிங்கில் கையும் மைக்கில் உதடுமாக நின்று ஷாக் அடித்து மேடையில் விழுந்தவரை நான் தூக்கியிருக்கிறேன். இரைச்சலுக்குக் காரணம் ஃபேன் ரெகுலேட்டராக இருக்கலாம், பக்கத்தில் செருகிய போன் சார்ஜராக இருக்கலாம், மட்டமான கேபிளாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். வீட்டு வயரிங்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

புதிதாக 25 வாட்ஸ் ஆம்ப் வாங்கினேன். பேஸ் குமிழை முழுக்கத் திருப்பி, மிட்டைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டிவைத்திருக்கிறேன். தனியாக வாசித்தால் பிரமாதம். நண்பர்களோடு சேர்ந்தால் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. இன்னும் பெரிய ஆம்புக்கு மாறட்டுமா?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

மாற வேண்டாம். கொஞ்சம் உட்காருங்கள், பேச வேண்டும். வாரத்துக்கு இரண்டு பேராவது இதே குறையோடு என் வகுப்புக்கு வருகிறார்கள். மூன்று குமிழும் இதே நிலையில்தான் இருக்கும். கடையில் விற்பனைப் பையன் இப்படித் திருகிவைத்து வாசித்துக் காட்டியிருப்பான். தனியாகக் கேட்க இனிக்கும், அதனால்தான் அப்படி வைக்கிறான்.

எண்பதுகளில் டீக்கடை டிரான்சிஸ்டரில் இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். அந்த உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வர வழியே இல்லை. ஆனாலும் பேஸ் எப்படிப் போகிறது என்று எங்களால் முணுமுணுக்க முடிந்தது. காரணம், எந்தச் சுரமும் ஒற்றையாக வருவதில்லை. 41-ஐத் தட்டினால் கூடவே 82, 123, 164 என்று கிளைகள் கிளம்பும். கிளைகள் காதில் விழுந்தால் போதும், இல்லாத வேரைக் காது தானே ஊகித்துக்கொள்ளும். உங்கள் 8 அங்குல ஸ்பீக்கரும் அந்த டிரான்சிஸ்டருக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். அதனால் உருப்படியாக வெளியே தள்ள முடியாத அடிச்சத்தத்தைத்தான் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பிக் கேட்கிறீர்கள். ஆம்பின் சக்தியெல்லாம் காகிதத்தை உதறவைப்பதிலேயே கரைகிறது. கிளைகள் குடியிருப்பது ஏறக்குறைய 300-இலிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை, மிட் குமிழின் பேட்டையில். அதையோ குறைத்துவைத்திருக்கிறீர்கள்.

தனியாக வாசிக்கும்போது ஏன் பிரமாதமாக இருக்கிறது? சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் சரியாகக் கேட்காது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. ராத்திரி அறைக்குள் மெதுவாக வாசிக்கும்போது சத்தம் மெலிந்து தெரிகிறது, நீங்கள் பேஸ் குமிழை ஏற்றுகிறீர்கள். அது காதின் குறை, ஆம்பின் குறையல்ல. அதே அமைப்போடு நண்பர்கள் நடுவே போய் வால்யூமைக் கூட்டினால் அடிச்சத்தம் ஊதிப் பெருக்கிறது. அங்கே கிக் டிரம் ஏற்கெனவே பாய் விரித்துப் படுத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து குழம்பும். நீங்கள் மறுபடி வால்யூமை ஏற்றுவீர்கள், குழம்பு கெட்டியாகும். ஆம்பை அறை மூலையில் வேறு வைத்திருந்தால் சுவர்களும் தங்கள் பங்குக்கு ஊதிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எல்லாக் குமிழ்களையும் நடுவில், கடிகாரத்தின் பன்னிரண்டில் வையுங்கள். ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். நண்பர்களோடு வாசிக்கும்போது பேஸைக் கொஞ்சம் இறக்கி மிட்டை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி அசிங்கமாக இருக்கும். சகித்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் அந்த அசிங்கம்தான் ஒவ்வொரு சுரத்தையும் பிரித்துக் காட்டும்.

இதில் எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வேறு காரணத்துக்காக. மிட்டை வெட்டிய அந்த இனிப்புச் சத்தத்தில் உங்கள் தப்பெல்லாம் ஒளிந்துகொள்கிறது. வாசிக்காத ஸ்ட்ரிங் பின்னால் ரீங்கரிப்பது கேட்காது. இடது கை சீக்கிரம் எடுபட்டுச் சுரம் பாதியில் அறுபடுவது கேட்காது. வலது கை விரல்கள் இரண்டும் ஒரே பலத்தில் தட்டுகின்றனவா என்பதும் தெரியாது. பழகுவதற்கென்று ஆம்ப் வாங்கி, அது உங்களைக் காட்டிக்கொடுக்கும் ஒரே குமிழை அணைத்துவிட்டால் பிறகு எதற்கு அந்தப் பெட்டி? ஒரு வாரம் நான் சொன்னபடி வாசியுங்கள். முதல் இரண்டு நாள் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் மாமா தீபாவளிக்கு வருகிறார். ஆம்ப் அங்கே மலிவாம், வாங்கிவரச் சொல்லட்டுமா?
— வாசகர், தஞ்சாவூர்

அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. பல ஆம்புகள் அந்தந்த நாட்டுக் கரண்டுக்கென்றே செய்யப்பட்டு வருகின்றன. நேராகச் செருகினால் ஒரு புகை, ஒரு நாற்றம், முடிந்தது. பின்பக்கத்தில் 100–240 என்று அச்சிட்டிருந்தாலோ வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருந்தாலோ தப்பிக்கலாம். இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் வாங்கி, போகுமிடமெல்லாம் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். கம்பெனி வாரண்டி இங்கே செல்லுபடியாகுமா என்பது தனிக் கதை. மாமாவிடம் இரண்டு செட் நல்ல ஸ்ட்ரிங் வாங்கிவரச் சொல்லுங்கள். பெட்டியில் இடமும் மிச்சம்.

மகன் பேஸ் கற்றுக்கொள்கிறான். நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீட்டில், கீழ்வீட்டில் கைக்குழந்தை. சின்ன ஆம்ப் வாங்கினால் தொந்தரவு இருக்காதுதானே?
— ஒரு தாய், திருச்சி

இருக்கும், அம்மா. தாழ்ந்த சத்தத்தைச் சுவரும் தரையும் லேசில் தடுக்காது. உங்கள் அறையில் அடக்கமாகக் கேட்பது கீழே 'தும் தும்' என்று மட்டும் போய்ச் சேரும். ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆம்பைத் தரையில் வைக்காமல், கனத்த ஸ்பாஞ்ச் மேலோ பழைய மெத்தைத் துண்டின் மேலோ வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி எட்டுக்கு மேல் ஹெட்ஃபோன். அதைச் செருகினால் ஸ்பீக்கர் தானே அடங்கிவிடும் மாடலா என்று கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். ஹெட்ஃபோனிலும் சத்தம் அளவோடு இருக்கட்டும், அது அவன் காது. கீழ்வீட்டில் போய் எந்த நேரம் குழந்தை தூங்கும் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

எனக்கு வயது 61. பணி ஓய்வுக்குப் பிறகு பேஸ் கற்றுக்கொள்கிறேன். கடையில் பையன்கள் படபடவென்று வாசிக்கிறார்கள். அவர்கள் முன்னே ஆம்பை வாசித்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. பார்க்காமலே வாங்கிவிடலாமா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

வேண்டாம் சார். வார நாளில், காலை பதினொரு மணிக்குப் போங்கள். கடை காலியாக இருக்கும். உங்கள் பேஸையும் உங்கள் கேபிளையும் கொண்டுபோங்கள்; கடை பேஸில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். குமிழ்களை நடுவில் வைத்து, தடித்த ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டி அது தானாக அடங்கும்வரை விடுங்கள். அப்படியே ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறி ஐந்தாவது வரை. ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி கடகடவென்று ஆடினால் அதை வாங்காதீர்கள். வால்யூமைப் பாதிக்கு ஏற்றி மறுபடி ஒருமுறை. குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, கேபிள் செருகும் இடம் லொடலொடக்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஃபோனிலும் கேளுங்கள். பத்து நிமிஷ வேலை, ஒரு பாட்டுகூட வாசிக்க வேண்டியதில்லை. இப்படி நிதானமாகப் பார்ப்பவரைக் கடைக்காரர்கள் பழைய கை என்றே நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

பில்லில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதி வாங்குங்கள். தூக்கிவரப் பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.