கற்பாறை முனையும் கடலடிப் பள்ளத்தாக்கும்: திருகோணமலையில் ஒரு நாள் வெளிக்கள ஆய்வு



பாறை வகைகள், தரைத்தோற்றம், படவாசிப்பு ஆகியவற்றை நீங்கள் தனித்தனி அலகுகளாகப் படித்திருப்பீர்கள். இம்மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதைக் காணத் திருகோணமலை மிகப் பொருத்தமான இடமாகும். காலையில் பிரட்றிக் கோட்டை வாசலில் தொடங்கினால், மாலைக்குள் ஒரு குத்துப்பாறையையும் ஒரு வெந்நீரூற்றுத் தொகுதியையும் ஒரு பெரும் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியையும் கண்டுவிடலாம். இவற்றுள் மூன்றாவது கடலுக்கடியில் மறைந்துள்ளது. பரீட்சையில் அதிகம் தவறவிடப்படுவதும் அதுவே.

எப்போது செல்வது? திருகோணமலை மழையின் பெரும்பகுதியை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெறுகின்றது. எனவே மார்ச், ஏப்ரல் மாதங்களாகிய முதலாவது இடைப்பருவக்காற்றுக் காலத்தில் நடப்பது வசதியானது. கடலும் அமைதியாக இருக்கும். ஆயினும் பத்து மணிக்குப் பின் வெயில் கடுமையாகும். கோயில் வளவில் பாதணியைக் கழற்றவேண்டும் என்பதால், நண்பகலில் கற்றளம் காலைச் சுடும். ஆகவே பாறையை முதலிற் பார்த்துவிடுக. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, திசையறி கருவி, 1:50,000 இடவிளக்கப்படம் என்பன அவசியம். துறைமுகப் பகுதியில் கடற்படைத் தளம் உள்ளதால், அனுமதியின்றி அப்பக்கம் படம் எடுக்க வேண்டாம்.

கோட்டைக்குள் புள்ளிமான்களைக் கடந்து ஏறும் பாதை கோணேசர் மலையில் முடிகின்றது. பழைய ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்தனர். 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இம்முனையின் அடியிற் சுழியோடியபோது ஆலயத்தின் கல் எச்சங்களைக் கடலடியிற் கண்டனர். இது வரலாற்றுப் பாடத்துக்கும் பயன்படும். புவியியல் மாணவர் கவனிக்க வேண்டியது உச்சியிலிருந்து நேரே கடலுக்குள் விழும் பாறைச் சுவராகும். இராவணன் வெட்டு எனப்படும் பிளவருகே நின்று பார்த்தால், பாறையில் வெடிப்புகள் எவ்வாறு ஓடுகின்றன என்பது தெரியும். அலை இவ்வெடிப்புகளைத் தாக்கி அகலமாக்க, துண்டுகள் கழன்று விழுகின்றன. சுவர் செங்குத்தாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேலிக்கு அப்பால் ஓரடியும் வைக்கலாகாது. காற்று திடீரென வீசும் இடம் அது.

படத்தில் இம்முனையைத் தேடுக. சமவுயரக் கோடுகள் மேற்குப் பக்கத்தில் இடைவெளி விட்டும், கடற்பக்கத்தில் ஒன்றையொன்று நெருக்கியும் காணப்படும். நீங்கள் நடந்து ஏறிய சாய்வும் எட்டிப் பார்த்த குத்துச்சரிவும் கோடுகளில் இவ்வாறே பதிவாகின்றன.

இனி ஒரு பொதுவான பிழை. நம் ஊரில் கருநிறமாகத் தெரியும் எந்தக் கல்லையும் 'கருங்கல்' என்கிறோம். மாணவர் சிலர் அதைப் பசோல்ற்று எனக் கருதி, கோணேசர் மலை எரிமலையால் உண்டானது என எழுதிவிடுகின்றனர். அது தவறு. திருகோணமலைப் பகுதியின் பாறைகள் பெரும்பாலும் குவாட்சைற்று, நைஸ் போன்ற உருமாறிய பாறைகள். 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாற்றமடைந்தவை. நைசில் வெளிறிய பட்டைகளும் கரும்பட்டைகளும் மாறிமாறி வருவதைக் கண்ணாலேயே காணலாம்.

பசோல்ற்றுச் சுவர் எப்படியிருக்கும்? ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்துக் கொலம்பியா மேட்டுநிலம் நல்ல உதாரணம். ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அங்கு எரிமலைக் குழம்பு படைபடையாகப் பரவியது. குழம்பு குளிர்ந்து சுருங்கும்போது வெடித்து, தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோணத் தூண்களாகியது. கஸ்கேட் மலைகளின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பதால் அப்பிரதேசம் வறண்டது. இளவேனிலில்தான் மக்கள் அங்குள்ள பள்ளத்தாக்குகளில் நடக்கச் செல்வர். வறண்ட நிலத்தில் அத்தனை பெரிய பள்ளத்தாக்குகளை வெட்டியது எது? பனிக்கட்டியால் அடைபட்டிருந்த ஏரி உடைந்து பாய்ந்த பெருவெள்ளமே என்ற முடிவுக்கு ஜே ஹார்லன் பிரெட்ஸ் இட்டுச் சென்றார். 1923 இல் அவர் இக்கருத்தை எழுதத் தொடங்கியபோது பலர் ஏற்கவில்லை. 1979 இல் அவருக்குப் பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது. நமக்கு அருகில், அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்டதும் பசோல்ற்றிலேயே.

கோட்டையிலிருந்து இறங்கி அநுராதபுர வீதியிலுள்ள கன்னியாவுக்குப் பஸ்ஸில் செல்லலாம். ஏழு கிணறுகளிலும் வெப்பம் ஒரே அளவல்ல. கையை விட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்க. இங்கும் 'எரிமலை' என எழுதாதீர்கள். இலங்கையில் இயங்கும் எரிமலை இல்லை. மழைநீர் வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகின்றது. புவியோட்டில் ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை உயர்வதால், நீர் சூடேறி வேறு வெடிப்புகளால் மேலே வருகின்றது.

மாலையில் கொட்டியாரக் குடாவை நோக்கி நில்லுங்கள். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை இக்குடாவில் விழுகின்றது. ஆறு மண் கொண்டுவந்தால் குடா தூர்ந்து போகவேண்டுமே? அவ்வாறு நிகழாமைக்கு ஒரு முக்கிய காரணம் குடாவின் அடியில் தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு. அது கண்டமேடையை ஊடறுத்து 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்குகின்றது. வண்டலில் ஒரு பகுதி இவ்வழியே ஆழ்கடலுக்குச் சரிகின்றது. திருகோணமலைக் கரைக்கு அண்மையில் நீலத்திமிங்கிலங்கள் தென்படுவதற்கும் ஆழ்கடல் இவ்வளவு கிட்ட இருப்பது ஒரு காரணமாகும்.

இதை ஆறு மட்டும் வெட்டியிருக்க முடியுமா? பனிக்கட்டிக் காலத்தில் கடல்மட்டம் இன்றையதை விட ஏறத்தாழ 120 மீற்றர் மட்டுமே தாழ்ந்திருந்தது. அதற்குக் கீழுள்ள பகுதியை ஆறு தரையாறாக ஓடி அரித்திருக்க முடியாது. பாறையிலுள்ள பலவீனக் கோடுகளும், சேறு கலந்து பாரமான கலங்கல் நீரோட்டங்களும் சேர்ந்தே இத்தகைய பள்ளத்தாக்குகளை ஆழப்படுத்துகின்றன. இந்நீரோட்டங்களின் வலிமைக்குச் சான்று 1929 இல் கிடைத்தது. நியூபவுண்ட்லாந்துக்கு அருகே புவிநடுக்கம் ஏற்பட்டபின், கடலடித் தந்திக் கம்பிகள் 12 ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன.

மாதிரி வினா: திருகோணமலைத் துறைமுகம் ஆழமாக இருப்பதற்கான இரு பௌதிகக் காரணங்களை விளக்குக. (4 புள்ளிகள்)

'இயற்கைத் துறைமுகம் என்பதால்' என்று எழுதினால் புள்ளி கிடையாது. அது வினாவையே திருப்பிச் சொல்வதாகும். கடலடிப் பள்ளத்தாக்கின் தலை குடாவினுள் அமைந்திருத்தல் ஒன்று. வன்மையான உருமாறிய பாறைகள் முனைகளாக எஞ்சி நிற்க, இடைப்பட்ட தாழ்நிலம் கடலில் மூழ்கியிருத்தல் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் பெயருக்கு ஒரு புள்ளி, விளக்கத்துக்கு ஒரு புள்ளி எனக் கணக்கிட்டு எழுதுக.

பயிற்சி: கொட்டியாரக் குடாவின் சம ஆழக் கோடுகளைப் பருமட்டாக வரைக. பள்ளத்தாக்கில் அவை V வடிவில் வளையும். அந்த V யின் கூர்முனை கரையை நோக்குமா, ஆழ்கடலை நோக்குமா? தரையிலுள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கின் சமவுயரக் கோடுகளோடு ஒப்பிட்டுக் காரணம் தருக.