டூலுக்கு விளக்கம் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பிரவுசரை இயக்கும் ஏஜென்டுக்காக நீ எழுதி அனுப்பிய டூல் பட்டியலைப் படித்தேன். கோடு சுத்தமாக இருக்கிறது. விளக்கங்களைப் பற்றித்தான் பேச வேண்டும். ‘கிளிக்’ டூலுக்கு “கிளிக் செய்யும்”, ‘டைப்’ டூலுக்கு “டைப் செய்யும்” என்று எழுதி விட்டுவிட்டாய். பெயரில் இருப்பதையே திரும்பச் சொன்னால் அதற்குப் பெயர் விளக்கமா?

மாடல் உன் கோடைப் பார்ப்பதில்லை. மாடலையும் டூல்களையும் இணைக்க 2024 நவம்பரில் வெளிவந்த எம்சிபி நெறிமுறைப்படி ஒரு டூலைப் பற்றி மாடலின் கைக்குப் போய்ச் சேர்வது பெயர், விளக்கம், கொடுக்க வேண்டிய மதிப்புகளின் ஸ்கீமா, பெரும்பாலும் இவ்வளவுதான். எந்த டூலை எப்போது எடுப்பது என்று அந்த நாலு வரியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நீ மனசில் வைத்துக்கொண்டு எழுதாமல் விட்டது எதுவும் அதற்குத் தெரிய வழியே கிடையாது.

மைக்ரோசாஃப்ட்டின் பிளேரைட் எம்சிபியைத் திறந்து பார். பக்கத்தைப் பார்க்க அதில் இரண்டு டூல்கள்: ஸ்கிரீன்ஷாட், ஸ்னாப்ஷாட். முதலாவது படம். இரண்டாவது, பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடருக்காக பிரவுசர் தயாரித்து வைக்கும் அணுகல் மரத்தின் எழுத்து வடிவம். அதில் ஒவ்வொரு பட்டனுக்கும் லிங்குக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. கிளிக் டூல் கேட்பது அந்தக் குறியைத்தான். படத்தில் இந்தக் குறி இருக்காது. ஆகவே, ‘இதை வைத்து எந்தச் செயலும் செய்ய முடியாது, அதற்கு ஸ்னாப்ஷாட்டை எடு’ என்ற பொருளில் ஒரு வரியை ஸ்கிரீன்ஷாட் டூலின் விளக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. ஒரு டூல் எதற்கு ஆகாது, அப்போது எங்கே போக வேண்டும் என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. உன் பட்டியலில் ‘பக்கத்தைப் படி’, ‘உள்ளடக்கத்தை எடு’ என்று இரண்டு இருக்கின்றன. எது எப்போது என்று ஒரு வாக்கியத்தில் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் இரண்டையும் ஒன்றாக்கிவிடு.

உன் கிளிக் டூலுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பக்கத்தில் உள்ள ஒரு பட்டனையோ லிங்கையோ ஒருமுறை கிளிக் செய்யும். கடைசியாக எடுத்த ஸ்னாப்ஷாட்டில் உள்ள குறியைக் கொடு, ஊகித்து எழுதாதே. பக்கம் மாறிய பின் பழைய குறிகள் செல்லாது, புதிதாக ஸ்னாப்ஷாட் எடு. எழுத்து உள்ளிட டைப் டூலைப் பயன்படுத்து. முடிந்ததும் பக்கத்தின் முகவரியும் புதிய ஸ்னாப்ஷாட்டும் திரும்ப வரும்.”

இதில் ஒரு வரியை எடுத்தாலும் எங்கோ இடிக்கும். ‘ஊகித்து எழுதாதே’ இல்லாவிட்டால், பொருத்தமாகத் தோன்றும் ஒரு குறியை மாடல் தானே இட்டுக்கட்டிக் கொடுக்கும். அதற்காக நீட்டி முழக்கவும் வேண்டாம். பொதுவாக எல்லா டூல்களின் விளக்கமும் ஒவ்வொரு முறையும் மாடலுக்குள் போகிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் டோக்கன் செலவு. பிழைச் செய்தியையும் இதே கவனத்தோடு எழுது. “தோல்வி” என்று மட்டும் வந்தால் மாடல் அதே இடத்தில் மறுபடி மறுபடி கிளிக் செய்துகொண்டிருக்கும். “குறி பழையது, ஸ்னாப்ஷாட் எடு” என்று வந்தால் அடுத்த வேலையைப் பார்க்கும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது டைப் டூல்தான். பிளேரைட்டில் போலவே உன்னுடையதிலும், எழுதி முடித்ததும் என்டர் தட்டலாமா என்று ஒரு தேர்வு இருக்கிறது. படிவத்தின் ஒரு பெட்டியில் என்டர் தட்டினால் பல இடங்களில் படிவமே அனுப்பப்பட்டுவிடும். யாரோ ஒரு அம்மா ரயில் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருப்பார். தேதி சரிபார்க்கும் முன்பே பணம் போகும். திரும்பப் பெற முடியாத செயல் எது என்று விளக்கத்தில் பட்டவர்த்தனமாக எழுது. எம்சிபியில் ‘அழிக்கக்கூடியது’ என்று குறிக்கவும் ஏற்பாடு உண்டு. ஆனால் அது வெறும் குறிப்புதான் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. விளக்கம் பூட்டு ஆகாது, தம்பி. பணம் போகும் இடத்தில் பயனரைக் கேட்டு நிறுத்துவது உன் கோடின் வேலை. வலைப்பக்கத்தில் எவனோ எழுதி வைத்த ‘இதைச் செய்’ என்ற வரிக்கும் இதே கதைதான். அது பயனரின் கட்டளை அல்ல என்று விளக்கத்தில் சொல், ஆனால் அதோடு நின்றுவிடாதே.

உன் கோடைப் பார்க்காத ஒருவரிடம் பட்டியலை மட்டும் கொடுத்து, ஒரு வேலையைச் சொல்லி, எந்த டூலுக்கு என்ன மதிப்பு கொடுப்பீர்கள் என்று கேள். அவர் உன்னிடம் சந்தேகம் கேட்கும் இடமெல்லாம் விளக்கத்தில் ஒரு வரி குறைகிறது. பிறகு மாடலை ஓடவிட்டு லாகை வரிவரியாகப் படி.

முதலில் டைப் டூலைத் திருத்து. என்டர் தட்டுவதற்கு ஸ்கீமாவில் இயல்பு மதிப்பு ‘இல்லை’ என்றிருக்கிறது. அந்தத் தேர்வின் விளக்கமோ ‘எழுதி அனுப்பும்’ என்கிறது. இரண்டில் எது சரி என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா