வீட்டில் ஒரு விளையாட்டு விருந்து

பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ச் சிறுவர்களுக்கு லயத்து வாசலே விளையாட்டுத் திடல். உதிர்ந்த ரப்பர்க் கொட்டைகளும் விளையாட்டுப் பொருள்களாயின. காலப்போக்கில் பல தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. வாசலோடு பழைய விளையாட்டுகளும் மறையத் தொடங்கின.

அவற்றை மீட்க வீட்டு வரவேற்பறையே போதும். பிறந்தநாளுக்கோ தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கோ வரும் நண்பர்களுடன் பல்லாங்குழி ஆடலாம். பலகை இல்லையெனில், 14 கிண்ணங்களை ஏழேழாக இரு வரிசையில் அடுக்கலாம். குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டைகளை இடலாம். ஒருவர் தம் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள கொட்டைகளை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். ஒரு குழியில் நான்கு கொட்டைகள் சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார்.

மலாய் நண்பர்களுக்கும் இவ்வாட்டம் எளிதில் பிடிபடும். அவர்களின் சொங்காக் இதைப் போன்றதே.

பல்லாங்குழி விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும். தோட்டத்தில் ஆடிய முறை தாத்தா பாட்டியின் நினைவில் இருக்கிறது. விருந்தில் முதல் ஆட்டத்தை அவர்களே தொடங்கி வைத்தால், அம்முறை அடுத்த தலைமுறைக்கும் கிட்டும்.