“சென்னைக்கு மிக அருகில்” – நம்ம ஊரு டவுனானால் நமக்கு என்ன?



இந்த மாதப் பாடம் வரவு செலவு எழுதுவது பற்றியோ, கடன் தவணை பற்றியோ அல்ல. நாம குடியிருக்கிற ஊரைப் பற்றியது. ஊர் என்றால் என்ன, டவுன் என்றால் என்ன, டவுனோடு சேர்த்துவிட்டால் நம்ம வாழ்க்கையில் எது கூடும், எது குறையும் என்று பார்க்கப் போகிறோம். குழுக் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். மற்றவர்கள் நடுவில் கேள்வி கேட்கலாம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம் வரை பஸ்ஸில் போனால் வழியெல்லாம் மனைப் பலகை நிற்கும். எல்லாப் பலகையிலும் ஒரே வாசகம்தான்: ‘சென்னைக்கு மிக அருகில்’. மதுராந்தகம் சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். அது அருகிலா என்று நம்ம பெண்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும், பொண்ணு கேட்டு வரும்போது “மாப்பிள்ளை சென்னையில இருக்காரு” என்றால் நாமும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறோம். விசாரித்தால் மாப்பிள்ளை கூடுவாஞ்சேரியில் இருப்பார். அது நம்ம செங்கல்பட்டு மாவட்டம்தான்!

பெரிய ஊர்ப் பெருமை என்பது இதுதான். தவறில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு நம்ம மாவட்டத்துக்கும் உரிமை உண்டு. பழைய காலத்தில் சென்னைப் பட்டணத்தைச் சுற்றி இருந்ததெல்லாம் செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸே பல காலம் சைதாப்பேட்டையில் இருந்தது. இன்றைக்கு சைதாப்பேட்டை சென்னைக்கு நட்ட நடுவில் இருக்கிறது. அதாவது பட்டணம் வளர்ந்தது வேறு எங்கேயோ இல்லை, நம்ம ஜில்லாவின் ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டுதான் வளர்ந்தது. 1968-ல் தலைநகர் காஞ்சிபுரத்துக்குப் போனது. 1997-ல் ஜில்லா காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானபோது செங்கல்பட்டு என்ற மாவட்டப் பெயரே இல்லாமல் போனது. 2019 நவம்பர் 29-ந் தேதி செங்கல்பட்டு மறுபடியும் தனி மாவட்டமானது. காஞ்சிபுரம் வரை மனு கொடுக்கப் போன காலம் முடிந்தது. செய்யூர், சித்தாமூர் பக்கத்துப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

2011-ல் சென்னை மாநகராட்சியை விரிவாக்கினார்கள். 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சேர்ந்தன. 155 வார்டு 200 வார்டாக ஆனது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை 426 ஆனது. அன்றைக்கு சேர்ந்தவற்றில் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி, சோழிங்கநல்லூர் என்று நம்ம கடற்கரைப் பக்கத்து ஊர்கள் பல. அடுத்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், பெருங்களத்தூர் போன்ற 5 பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. மாமல்லபுரமும் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாகத் தரம் உயர்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் மாநிலம் முழுக்கப் பல ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, பல ஊர்களில் பெண்கள்தான் முதலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள்.

ஏன் நின்றார்கள்? டவுன் வேண்டாம் என்றா? இல்லை. முக்கியமான காரணம், வேலை அட்டை.

2005-ல் சட்டமாக வந்த நூறு நாள் வேலை ஊராட்சிப் பகுதிக்கு மட்டும் உரியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாக 125 நாள் என்று வேறு சட்டம் நிறைவேற்றியது. நாள் கணக்கு மாறினாலும் அதுவும் ஊரகப் பகுதிக்குத்தான். ஊர் நகராட்சியோடு சேர்ந்தால் அட்டை செல்லாது. ஏரிக்கரையில் வேலை செய்து வந்த அறுபது வயது அம்மா, அடுத்த நாள் நகரவாசி. அவங்க வீட்டுக் கூரை அதே கூரை, வயலும் அதே வயல். காகிதத்தில் மட்டும் டவுன்! தமிழ்நாடு அரசு நகர்ப்புறத்துக்கும் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றை 2021-22-ல் அறிவித்துச் சில பகுதிகளில் முன்னோட்டமாக நடத்தியது. கேரளாவில் 2010 முதலே அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலைத் திட்டம் உண்டு. ஆனால் ஊரகத்தில் இருப்பது போல ‘கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்’ என்ற நாடு தழுவிய சட்டம் நகரத்துக்கு இல்லை.

வீடும் அப்படித்தான். குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட 2024-ல் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ கிராமப்புறத்துக்கானது. நகரத்தில் வீட்டுத் திட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆனால் அதற்கு மனு கொடுக்கும் இடம் வேறு, விதிமுறை வேறு, காத்திருக்கும் வரிசை வேறு. வரியையும் சொல்ல வேண்டும். 2022-ல் நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட சிறிய வீட்டுக்கே 25 சதவீதம் கூடியது. ஊராட்சி வீட்டு வரி அந்த உயர்வில் சேரவில்லை.

இன்னொன்று நம்மில் பலருக்குத் தோன்றியிருக்காது: கறவை மாடு. குழுக் கடனில் மாடு வாங்கியவர்கள் எத்தனை பேர்! கிராமத்தில் மாடு தெருவில் நடந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சென்னை மாநகராட்சியில் 2024-ல் தெருவில் திரியும் மாட்டுக்கு முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய், மறுமுறை 15,000 ரூபாய் அபராதம் என்று உயர்த்தினார்கள். பால் விற்று எத்தனை மாதத்தில் 10,000 கையில் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டவுனிலும் இதே தொகை என்று சொல்லவில்லை. மாடு வளர்ப்புக்குக் கட்டுப்பாடு வரும் என்பதைத்தான் சொல்கிறோம்.

மாறாதவையும் உண்டு. ரேஷன் கார்டு, முதியோர் ஓய்வூதியம் ஆகியவை ஊராட்சியா நகராட்சியா என்று பார்த்துக் கொடுப்பவை அல்ல. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் இரண்டு பக்கமும் கொடுக்கப்பட்டதுதான். “டவுனானா ரேஷன் கட்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, கூடுவது என்ன? தெருவிளக்கு, குப்பை வண்டி, தார் ரோடு, தண்ணீர். ஊரகக் குடிநீர்த் திட்டத்தில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. பாதாள சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர். கணக்கில்தான் 135. 2011-ல் சென்னையோடு சேர்ந்த பல பகுதிகளில் பத்து வருஷம் கழிந்தும் பாதாள சாக்கடை வேலை முடியவில்லை. ஓ.எம்.ஆர். ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின, அந்தக் கட்டடங்களுக்கே லாரித் தண்ணீர்தான் ஓடியது. ஆக, பெயர் மாறின அன்றைக்கே வசதி வந்து இறங்கிவிடாது.

தண்ணீர் பேச்சு வந்ததால் நெம்மேலியைச் சொல்லாமல் போக முடியாது. மாமல்லபுரம் போகிற கடற்கரை ரோட்டில் இருக்கும் ஊர். அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் நாளைக்கு 10 கோடி லிட்டருக்குத் தொடங்கியது. பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலை 2024-ல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் குழாயில் தென்சென்னைக்குப் போகிறது. தண்ணீர் அனுப்புவதை நாம் குறை சொல்லவில்லை, தாகம் எல்லாருக்கும் தாகம்தான். ஆனால் பட்டணத்து வீட்டில் குழாய் திறக்கும்போது, இது நெம்மேலிக் கடல் என்று ஒருவராவது நினைப்பார்களா? பட்டணத்துப் பெருமையில் நம்ம கடலும், நம்ம ஏரியும், விடியற்காலை ரயிலில் கூடையோடு போகிற நம்ம பெண்களும் இருக்கிறார்கள்.

மாமல்லபுரத்துக்காரர்களுக்கு வேறு அனுபவம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வந்தபோது ஊரே பளிச்சென்று ஆனது. 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் அப்படியே. விருந்தாளி வரும்போது வீடு மெழுகுவது நல்ல பழக்கம்தான். விருந்தாளி போன பிறகும் பின்தெருவில் குப்பை வண்டி வருகிறதா என்று கேட்பது யார் வேலை? அந்தத் தெருவில் குடியிருக்கும் நாம்தான் கேட்க வேண்டும்.

பட்டணத்திலிருந்து நம்ம பக்கம் வந்தவர்கள் கதையும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு முதல் சென்னையின் கால்வாய் ஓரம், ஆற்றோரம், கடலோரம் குடிசையில் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வீடு கான்கிரீட். ஆனால் நடந்து போய் நாலு வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். பிள்ளை படித்த பள்ளிக்கூடம் தூரம், கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரர் தூரம், அவசரத்துக்குப் போகிற பெரியாஸ்பத்திரி அதைவிடத் தூரம். பட்டணத்து வாழ்க்கையின் உண்மையான வசதி மாடியும் விளக்கும் இல்லை, எல்லாம் நடக்கிற தூரத்தில் இருப்பதுதான். புறநகரில் வீடு பெரிதாகும், தூரமும் பெரிதாகும். மனை வாங்க நினைக்கும் குடும்பங்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். மாதத் தவணையோடு பஸ் காசையும், தினம் ரோட்டில் போகிற மூன்று மணி நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னாலே வேலை கிடைக்காது என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் பெயரை மறைத்த காலம் இருந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத் தலைவி கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று ஊர்ப் பெயரை முன்னால் வைத்தே சொல்லிக்கொண்டார். சென்னைப் பெருமை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதைவிட அந்தப் பிள்ளை சொன்னதில் பலம் அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்: யாரிடம் போய்க் கேட்பது?

ஊராட்சியில் தலைவர் அம்மாவைத் தெருவில் நிறுத்திக் கேட்கலாம். பைப்பு உடைந்தால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டலாம். மாமல்லபுரம் பேரூராட்சியாக இருந்தபோது 15 வார்டு, 2011 கணக்கெடுப்பில் சுமார் 15 ஆயிரம் மக்கள். ஒரு கவுன்சிலருக்கு ஆயிரம் பேர். செங்கல்பட்டு நகராட்சியில் 33 வார்டு, சுமார் 62 ஆயிரம் பேர், ஒருவருக்கு ஏறத்தாழ 1,900. சென்னை மாநகராட்சியில் ஒரு வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல். அந்தக் கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நம்ம முகம் ஞாபகம் இருக்குமா?

ஊராட்சியில் கிராம சபை உண்டு. வாக்காளர் எல்லாரும் உறுப்பினர். வரவு செலவு அங்கே படிக்க வேண்டும். நகரத்தில் அப்படி ஒன்றும் இல்லாமல் இருந்தது. 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபாவும் வந்தன. 2022 நவம்பர் 1-ந் தேதி முதல் முறையாகப் பகுதி சபா கூடியபோது, நம்ம மாவட்டத்துப் பம்மலில் 6-வது வார்டில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் கலந்துகொண்டார். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதியை நியமிப்பார்கள். அந்த இடத்தில் நம்ம குழுப் பெண்கள் இருக்க வேண்டும். உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். பெண்களுக்கு அதில் இடம் இருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை! தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. 2022 தேர்தலில் தாம்பரத்தின் முதல் மேயராக வந்தவரும் 25 வயதுப் பெண்தான்.

நம்ம கூட்டமைப்பு விஷயம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வருவது. நகரத்தில் பகுதி அளவிலான கூட்டமைப்பு என்று வேறு அமைப்பு. குழுவின் சேமிப்பும் வங்கிக் கணக்கும் நம்முடையவை, அவற்றை யாரும் எடுக்க முடியாது. ஆனால் ஊராட்சி கொடுத்த கட்டடம், கூட்டமைப்பில் இருக்கும் நிதி, பாதி திருப்பிய கடன் எல்லாம் எந்த அலுவலகத்துக்குப் போகும் என்று வாய் வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள்.

எந்த முடிவும் கல்லில் எழுதியது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2004-ல் தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சி என்று மாற்றினார்கள். 2006-ல் மறுபடியும் பேரூராட்சி ஆக்கினார்கள். இரண்டு வருஷத்தில் பலகையும் முத்திரையும் இரண்டு தடவை மாறின.

உங்கள் ஊரைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தால் அடுத்த கிராம சபைக்குக் குழுவாகப் போங்கள். இணைப்பை முடிவு செய்யும் அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது. அறிவிப்புக்குப் பிறகு ஆட்சேபம் சொல்ல நாள் கொடுப்பார்கள். வேண்டும் அல்லது வேண்டாம் என்று மட்டும் எழுதினால் போதாது. வேலை அட்டைக்காரர்களுக்கு மாற்று என்ன, பாக்கிக் கூலி எப்போது வரும், வீட்டு வரி எத்தனை வருஷத்துக்கு உயராது, மாடு கட்ட இடம் எங்கே, சுடுகாட்டுப் பாதையும் மேய்ச்சல் நிலமும் யார் பெயரில் இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகலில் ஊராட்சிச் செயலர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒன்றைக் குழுப் பெட்டியிலும் ஒன்றை நம்ம கூட்டமைப்பு அலுவலகத்திலும் வைத்துவிடுங்கள்.