உலக்கையோடு சண்டை வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வானம் காட்டப் புறப்பட்டிருக்கிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு வருத்தமும் எழுதியிருந்தாய். 2025 செப்டம்பர் 7 இரவு, சந்திர கிரகணத்துக்குத் தொலைநோக்கியைத் தெருவில் வைத்தாயாம். "புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கிற வீடு, அந்தாண்ட போம்மா" என்று ஒரு பாட்டி விரட்டினாராம். நீயும் விடாமல் வாதாட, பிள்ளைகள் கலைந்து போனார்களாம்.

நீ சொன்ன அறிவியலில் குறையில்லை. ஆரம்பித்த இடம்தான் சரியில்லை. கிரகணம் எப்போதோ வருகிறது. நிலா மாதம் முழுக்க வருகிறது. நிலாவோடு பழகாத பிள்ளையிடம் கிரகணத்தைக் காட்டினால் அது வேடிக்கையாக முடியும், பாட்டியிடம் காட்டினால் வம்பாக முடியும்.

வளர்பிறை அஷ்டமி அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போ. சூரியன் மேற்கே இருக்கும். அரை நிலா கிழக்கு வானில் வெளுத்துத் தெரியும். ஆளுக்கொரு வெள்ளைப் பந்தைக் கொடுத்து, கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல். வெயில் பட்டு பந்தில் எந்தப் பாதி வெளுத்திருக்கிறதோ, அதே பாதிதான் நிலாவிலும் வெளுத்திருக்கும். இரண்டுக்கும் விளக்கு ஒன்றே என்பதை நீ வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம். "பிறை தேய்வது பூமி நிழலால்" என்று கல்லூரி முடித்தவர்கள்கூடச் சொல்வார்கள். அந்த எண்ணம் இந்தப் பந்தோடு போய்விடும். பூமியின் நிழலுக்குக் கிரகணத்தன்று மட்டும்தான் வேலை.

பாடப்புத்தகப் படத்தை நம்பிப் பிறை வரையச் சொல்லாதே. அதில் பிறை நெட்டுக்குத்தலாக நிற்கும். அது ஐரோப்பியர் பார்க்கும் பிறை. நாம் இருப்பது 12 பாகை அட்சரேகையில். மாசி, பங்குனியில் மூன்றாம் பிறை இங்கே தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். ஐப்பசிப் பக்கம் கொஞ்சம் சரிந்து தெரியும். பார்த்ததை வரையட்டும். மாதத்தையும் மணியையும் பக்கத்தில் குறிக்கட்டும். நிலா ஒரு நாளைக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிப்பதை அந்த நோட்டிலிருந்து அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

திருவிழாவையும் விடாதே. திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையில் மாசி மகத்துக்குக் கூடாத குடும்பம் உங்கள் பக்கம் உண்டா? மாசியில் சூரியன் கும்பத்தில் இருக்கிறது. பௌர்ணமி என்றால் நிலா அதற்கு நேர் எதிரே, சிம்மத்தில் நிற்கவேண்டும். மக நட்சத்திரம் இருப்பது அங்கேதான். வைகாசி விசாகம், பங்குனி உத்திரம் எல்லாம் இதே கணக்கு. பாட்டிக்கு இந்தப் பட்டியல் தலைகீழாகத் தெரியும். அவரையே சொல்லச் சொல்லிப் பிள்ளைகளை எழுதச் சொல்.

இதற்குள் ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "அப்படின்னா பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏன் கிரகணம் வரல?" அந்தக் கேள்வி வரும்வரை கிரகணப் பாடத்தைத் தொடாதே. நிலாவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. வானத்தில் நிலாவின் அகலம் அரைப் பாகை. ஆகவே அது பத்து நிலா அளவுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போகமுடியும். பூமியின் நிழலோ மூன்று நிலா அகலம்கூட இல்லை. பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிவிடுகிறது. இரண்டு தளங்களும் வெட்டும் இரண்டு புள்ளிகளுக்கு அருகே பௌர்ணமி நேர்ந்தால்தான் மாட்டும். அந்தப் புள்ளிகளுக்கு நம் கணிதர்கள் வைத்த பெயர்தான் ராகு, கேது. நிழல்தான் காரணம் என்று ஆரியபட்டர் கி.பி. 499-லேயே எழுதிவிட்டார். பாம்புக் கதையைக் கேலி செய்வதற்கு முன் இதைச் சொல்.

இனி உன் சொந்த மண்ணின் கதை. மேடையில் இதைச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1769-இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார். அன்று பார்த்து மேகம் மூடிவிட்டது. இருந்த நாளில் அவர் தமிழ்க் கணிதர்களிடம் பாடம் கேட்டார். எழுதுகோல் இல்லாமல் சோழிகளை வைத்தே அவர்கள் கிரகணம் கணித்த வேகத்தைப் பார்த்து வியந்து எழுதினார். பிறகு சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் சென்னையில் வெளியான தன் 'கால சங்கலித' நூலில் இன்னும் விரிவாக எழுதிவைத்தார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு, தரையில் சோழி பரப்பி, 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்தை அவர் முன்னால் போட்டுக் காட்டினார். எண்களை எழுத்தாக்கிக் கோத்த வாக்கியங்கள் அவை. நிலாவுக்கு மட்டும் 248. ஏனென்றால் நிலா பூமியை நெருங்கியும் விலகியும் போகும் சுற்று ஒன்பது முறை முடிய 248 நாள். அந்தக் கணிதரின் கிரகணக் கணக்கை 20-ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கபவர் சரிபார்த்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52, அவ்வளவுதான் பிசகு.

வாரன் இன்னொன்றும் குறித்தார்: அந்தக் கணிதருக்கு அடிப்படைக் கோட்பாடு ஒரு வார்த்தைகூடத் தெரியாதாம். படிக்கிறவர்கள் இதை ஏளனமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு 'எப்போது' தெரிந்தது, 'ஏன்' தெரியவில்லை. நம்மில் பலருக்கு 'ஏன்' தெரியும். அடுத்த பௌர்ணமி எப்போது என்று கேட்டால் காலண்டரைத் தேடுவோம். உன் வேலை இந்த இரண்டையும் ஒரே பிள்ளையின் தலையில் சேர்த்துவைப்பது. (கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகப் பெற்றது உன் பாகூர். செப்பேடு இருக்கிறது. பள்ளிக்கூடம் நடத்தத் தெரியாத ஊர் அல்ல!)

ஒரு கணக்கை நீயும் போட்டுக் காட்டு. கிரகணங்கள் 18 வருஷம் 11 நாள் 8 மணி நேரத்தில் (நடுவே ஐந்து லீப் நாள் வந்தால் 10 நாள்) திரும்ப வருகின்றன. செப்டம்பர் 7 கிரகணத்துக்கு இந்தச் சுற்றில் முந்தையது 2007 ஆகஸ்ட் 28. அந்த 8 மணி நேரத்தால் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிட, அது நம் ஊரில் நிலா உதிக்கும் முன்பே நிழலை விட்டுப் போய்விட்டது. மூன்று சுற்று பின்னால் போனால் 1971 ஆகஸ்ட் 6 நள்ளிரவு. அது நமக்கு மேலே நடந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பிள்ளைகளை அனுப்பி, அந்த ராத்திரி நினைவிருக்கிறதா என்று கேட்கச் சொல்.

உலக்கை விஷயத்துக்கு வருகிறேன். கிரகண நேரத்தில் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கை நிற்கிறது, கிரகணம் விட்டதும் விழுகிறது என்று தெருவே கூடிப் பார்ப்பதை எழுதியிருந்தாய். அந்த இடத்தில் வாதாடாதே. கிரகணம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அதே பாட்டியிடம் போய், அதே உலக்கையை இரவல் கேள். பூண் போட்ட அடி தட்டையாக இருந்தால், பொறுமையாக நிறுத்தினால், நிற்கும். பாட்டியே நிறுத்தட்டும், அவர் கைக்குத்தான் பழக்கம் அதிகம். நிற்கும்போது நீ சிரிக்கக் கூடாது. கர்ப்பிணிப் பெண்ணை வெளியே இழுக்கவும் வேண்டாம். கிரகணத்தால் கருவுக்குக் கேடு என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று ஒரு தடவை தெளிவாகச் சொல். மணிக்கணக்காகப் பட்டினி கிடப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும்தான் அவளுக்குக் கெடுதல் என்பதையும் சொல். அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

சூரிய கிரகணத்துக்கு வேறு சட்டம். 2027 ஆகஸ்ட் 2 மாலை நமக்குப் பகுதிச் சூரிய கிரகணம் தெரியும். தரமான கிரகணக் கண்ணாடி இல்லாமல் ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிமும் புகைக் கண்ணாடியும் ஆகாது. அட்டையில் ஊசித் துளை போட்டுத் தரையில் விழும் பிம்பத்தைப் பார்த்தால் போதும். சந்திர கிரகணத்துக்கு இந்தப் பயம் கிடையாது, வெறுங்கண்ணே போதும்.

அடுத்து நம் ஊரில் வசதியான நேரத்தில் வரும் முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 அன்று. இரவு பத்து மணியை ஒட்டி நிலா முழுதாகச் சிவந்திருக்கும். ஊரே புத்தாண்டுக்கு விழித்திருக்கும் ராத்திரி, யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. அதற்கு முந்தைய அமாவாசையிலிருந்தே பிள்ளைகள் நோட்டில் குறிக்க ஆரம்பிக்கட்டும். நிழலின் விளிம்பு எந்த நிமிடமும் வளைவாகவே இருப்பதை அவர்கள் வரைந்து வைக்கட்டும். தொலைநோக்கியில் முதலில் பார்க்க அந்தப் பாட்டியைக் கூப்பிடு.

அன்புடன்,
உன் அண்ணன்